தென்னைக்குத் தேரோட, வீட்டு மரத்துக்கு என்ன ஓட?

கேள்வி: மதுரைப் பக்கத்து வாசகர், 14 மே 2023

அண்ணாச்சி, ஐந்தரை சென்ட் மனை. 40க்கு 60, மேற்குப் பார்த்த வாசல். வீடு 24க்கு 38, தரைத்தளம் மட்டும்தான். முன்னால் 14 அடி விட்டிருக்கிறோம். சாயங்காலம் ஆனால் முன்னறை அடுப்படி மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு வேம்பு வைக்கலாம் என்றால் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள். நர்சரிக்காரர் ஐந்தடி தாராளம் என்கிறார். மாமனார் பதினைந்து அடிக்குக் குறையவே கூடாது என்கிறார், இருப்பதே 14. கொத்தனார் மரமே ஆகாது, வேர் கடைக்காலைத் தூக்கிவிடும் என்கிறார். ஒரே ஒரு எண் சொல்லுங்கள், போதும்.

14 மே 2023, இரவு

பத்தடி.

15 மே 2023

நேற்று தூக்கக் கலக்கத்தில் எழுதியது. காலையில் படித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. மண் என்ன என்று கேட்கவில்லை, செப்டிக் டேங்க் எங்கே என்று கேட்கவில்லை, பத்தடியாம். அந்த எண்ணை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம் ஊரில் இடைவெளிக்கென்றே ஒரு பழமொழி உண்டு. நண்டு ஓட நெல்லு, நரி ஓட கரும்பு, வண்டி ஓட வாழை, தேர் ஓட தென்னை. அடியும் முழமும் இல்லாமல், நடுவில் எது போய்வர வேண்டும் என்பதை வைத்தே அளவு சொல்லிவிட்டார்கள். ஆனால் எல்லாம் பயிருக்கும் பயிருக்கும் நடுவில்தான். வீட்டுக்கும் மரத்துக்கும் நடுவில் என்ன ஓட வேண்டும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. சுற்றிலும் தோட்டமும் களமுமாக இருந்தவர்களுக்கு அது ஒரு கேள்வியாகவே இருந்திருக்காது. ஐந்தரை சென்ட்காரனுக்குத்தான் இந்தத் தலைவலி.

மண்ணைச் சொல்லுங்கள் தம்பி. செம்மண்ணா, கரிசலா, மணலா?

16 மே 2023

"கிராவல் மண்" என்று பதில் வந்திருக்கிறது. லேஅவுட்காரர் மேலே கொட்டிய கிராவல் அது. அதற்குக் கீழே என்ன? கடைக்காலுக்குப் பள்ளம் தோண்டினபோது யாராவது பார்த்தீர்களா? உங்கள் கொத்தனாரிடமே கேளுங்கள். மரத்தைப் பற்றி அவர் சொல்வதை விட, நாலடி ஆழத்தில் மண்வெட்டியில் ஒட்டிக்கொண்டது என்ன என்று அவர் சொல்வது நமக்கு உதவும்.

21 மே 2023

கொத்தனார் சொன்னாராம்: மேலே இரண்டடி கிராவல், கீழே கறுப்பாகக் களி, பழைய வயல். நினைத்தேன்.

இப்போது என் கதையைச் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் நீளும்.

எங்கள் வீடு கோவில்பட்டிக்கு வெளியே, சுத்தக் கரிசலில். அப்பா 1984-இல் கட்டினார். கருங்கல் கடைக்கால், மேலே செங்கல் சுவர், அந்தக் காலத்து முறைப்படி பில்லர் கிடையாது. வீடு கட்டின அதே வருஷம் தென்மேற்கு மூலையில், குளியலறைச் சுவரிலிருந்து ஏழடி தள்ளி ஒரு வேம்பு வைத்தார். ஏழடி ஏன் என்று கேட்டதற்கு, "ஒரு கட்டில் போட்டுப் படுக்கணும், தலைமாட்டில் செம்பு வைக்க இடம் வேணும்" என்றார். கட்டில் ஓட வேம்பு! முப்பது வருஷம் அந்தக் கட்டிலில்தான் மதியத் தூக்கம் போட்டார்.

2013 கோடையில் குளியலறை ஜன்னலின் கீழ் மூலையிலிருந்து ஒரு கீறல். பென்சிலால் கோடு போட்ட மாதிரி இருந்தது. சாய்வாக இறங்கி மண்ணுக்குள் போனது. சிமெண்டைக் குழைத்து அடைத்தோம். மழைக்காலத்தில் காணாமல் போனது, அடுத்த பங்குனியில் அதே இடத்தில் திரும்ப வந்தது. 2016-இல் ஐப்பசி மழை பொய்த்து, 2017 தொடக்கத்தில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சிப் பகுதி என்று அரசு அறிவித்தது நினைவிருக்கும். அந்தக் கோடையில் கீறலுக்குள் என் சுண்டுவிரல் நகம் போனது. தோட்டத்துக் கரிசல் வெடிப்பில் சைக்கிள் ஸ்போக்கை விட்டுப் பார்த்தேன், முழுதாக உள்ளே போய்விட்டது. சுவரைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்: வேம்புதான், வேர் தூக்குது, வெட்டு.

வெட்டினேன். ஜூலை 2017. அப்பா அப்போது இல்லை.

மீதி நாளை. இப்போது எழுத மனசு வரவில்லை.

22 மே 2023

வெட்டின பிறகு நடந்தது இது. அந்த வருஷ மழையிலும் அடுத்த வருஷ மழையிலும் குளியலறைத் தரை மெல்ல மேலே வந்தது. கதவு கீழே இடித்து நின்றது, அரை அங்குலம் இழைத்தோம். தரையில் பதித்த ஓடுகள் இரண்டு, நடுவில், கூரை மாதிரி முதுகைத் தூக்கின. கீறல் போகவில்லை. இதுவரை கீழே அகலமாக இருந்தது, இப்போது மேலே அகலமாகிவிட்டது.

காரணம் பிற்பாடுதான் புரிந்தது. களிமண் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். பெரிய மரம் தினமும் உறிஞ்சி உறிஞ்சித் தன்னைச் சுற்றியுள்ள மண்ணை நிரந்தரமாகக் காய்ச்சல்கார உதடு மாதிரி வைத்திருக்கும். வீடும் அதற்குப் பழகி உட்கார்ந்திருக்கும். மரத்தை ஒரே நாளில் எடுத்தால், இத்தனை வருஷம் தாகமாக இருந்த மண் மழைக்கு மழை குடித்து ஊதி, மேலே இருப்பதைத் தூக்கும். முதலில் வேர் தூக்கவில்லை, மண்தான் இறங்கியது. பிறகு தூக்கியதும் மண்தான், நான் மரத்தை வெட்டினதால்.

ஆகவே கரிசலில் முப்பது வருஷ மரம் சுவர் ஓரம் நிற்கிறது என்றால், கோடரியை எடுக்கும் முன் ஒரு பொறியாளரைக் கூப்பிடுங்கள். கிளையைக் கழித்து, இலையைக் குறைத்து, இரண்டு மூன்று வருஷத்தில் படிப்படியாகக் குறைப்பவர்களும் உண்டு. எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அன்றைக்கு இருந்த கோபத்தில் கேட்டிருக்க மாட்டேன்.

22 மே 2023, கொஞ்சம் கழித்து

"உதடு" உவமையை எடுத்துவிடச் சொல்கிறாள் வீட்டுக்காரி. இருக்கட்டும்.

28 மே 2023

கொத்தனாரின் "வேர் கடைக்காலைத் தூக்கிவிடும்" என்பதற்கு. முழுப் பொய் இல்லை, முக்கால் பொய். வேர் பருத்துக்கொண்டே போகும்போது மேலே இருக்கும் லேசானவற்றை நெம்பும். சிமெண்டுத் தளம், வாசல் படி, கார் நிறுத்தும் ஓடு, காம்பவுண்டுச் சுவர், தெரு நடைபாதை எல்லாம் தூக்கப்படும். கூரையோடு சேர்ந்த வீட்டுச் சுவரின் பாரத்தைத் தூக்குவது வேருக்கு லேசில் ஆகாது. கெட்டியான கடைக்காலில் முட்டினால் பக்கவாட்டில் திரும்பிப் போய்விடும். ஏற்கெனவே விரிசல் இருந்தால் நுழையும்.

செம்மண்ணும் மணலும் கரிசல் மாதிரி ஊதிச் சுருங்குவதில்லை. ஆகையால் அங்கே மரத்தால் கடைக்கால் இறங்கும் பயம் மிகக் குறைவு. செம்மண்காரர்கள் கிளை, குழாய், காற்று இந்த மூன்றையும் பார்த்தால் போதும். கரிசலில் மட்டும் நாலாவதாகத் தாகத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ரூர்க்கியில் இருக்கும் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம், கரிசலுக்கென்றே அடியில் குமிழ் மாதிரி விரியும் பைல் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்) ஒன்றை எப்போதோ உருவாக்கிவிட்டது. ஆழமான கரிசலில் மூன்றரை மீட்டர் வரைக்கும் ஈரம் ஏறி இறங்கும், அதற்குக் கீழே காலை ஊன்றிக்கொள்வதுதான் அதன் சூட்சுமம். அப்படிக் கட்டின வீட்டுக்கு மரம் கொஞ்சம் பக்கத்தில் வந்தாலும் கவலை இல்லை. எங்கள் அப்பா காலத்து நாலடி கருங்கல்லுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

30 மே 2023

மாமனார் கட்சிக்கு ஆதரவாக லண்டனிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். அங்கேயும் களிமண்தானாம். 1976 வறட்சியில் வீடுகள் வரிசையாக விரிசல் விட்டுக் காப்பீட்டுக்காரர்களைக் கலங்கடித்ததிலிருந்து மர இடைவெளிக்கு அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். நிறையத் தண்ணீர் குடிக்கும் மரம் என்றால் அதன் முழு வளர்ச்சி உயரத்தின் ஒன்றேகால் மடங்கு, நடுத்தரம் என்றால் முக்கால், குறைவாகக் குடித்தால் பாதி. அந்தத் தூரத்துக்குள் கட்டினால் கடைக்காலை ஆழப்படுத்து என்பது விதி.

நல்ல விதி. வேம்பு ஐம்பதடி வளரும் என்று வைத்துக்கொண்டால் முக்கால் மடங்கு முப்பத்தேழரை அடி. நம் தம்பி வேம்பை எதிர் வீட்டு ஹாலில்தான் நட வேண்டும்.

கிண்டல் ஒருபுறம் இருக்க, அந்த அட்டவணையில் ஒன்று எனக்குப் பிடித்திருக்கிறது. செடி வாங்கும்போது இருக்கும் உயரத்தைப் பார்க்காதே, முழுசாக வளர்ந்த உயரத்தைப் பார் என்கிறது. நர்சரிப் பையில் இருக்கும் முழங்கால் அளவுச் செடியைப் பார்த்து ஐந்தடி தாராளம் என்று தோன்றுவது இயல்புதான். யானைக்குட்டியைக் கூட வீட்டில் வளர்க்கலாம் என்றுதான் தோன்றும்.

3 ஜூன் 2023

எல்லாரும் வேரையே பேசுகிறோம். தம்பிக்கு வேண்டியது நிழல். அதை அளந்து பார்த்தேன்.

மே 20ஆம் தேதி மொட்டை மாடியில் மூன்றடிக் குச்சி ஒன்றை நட்டு வைத்தேன். மதியம் மூன்று மணிக்கு நிழல் இரண்டரை அடிக்குக் கொஞ்சம் மேல். நாலு மணிக்கு நாலேகால் அடி. நம் பக்கம் உச்சி வெயில் தலைக்கு நேரே இறங்குவதால் அப்போது மரம் எங்கே இருந்தாலும் சுவருக்குப் பிரயோசனம் இல்லை. சுவரைச் சுடவைப்பது மூன்று மணிக்குப் பிறகு படுத்துக்கொண்டு வரும் மேற்கு வெயில்தான். இருபதடி மரம் சுவரிலிருந்து பத்தடியில் நின்றால், மூன்று மணிக்கே சுவரில் எட்டரை அடி உயரத்துக்கு நிழல் விழும், நாலு மணிக்குப் பதின்மூன்று அடி. உங்கள் சுவரே அவ்வளவு உயரம் இருக்காது. பதினைந்து அடியில் நின்றால் மூன்று மணிக்கு மூன்றடி, நாலு மணிக்கு ஒன்பதரை.

ஐந்தடியில் நட்டால் சீக்கிரம் நிழல் கிடைக்கும், வாஸ்தவம்தான். ஆனால் பத்தடியிலேயே வேண்டியது கிடைத்துவிடும்போது அந்த ஐந்தடிக்கு என்ன அவசியம்? நிழலுக்காக மரத்தைச் சுவரோடு ஒட்ட வேண்டியதில்லை. மேற்கு வெயில் நிழலை இழுத்துக்கொண்டு வந்து கொடுக்கும்.

4 ஜூன் 2023

திருத்தம். தஞ்சாவூர் ஆசிரியர் ஒருவர் பிடித்துவிட்டார். என் கணக்கில் மரம் ஒரு குச்சி. நிஜ மரத்துக்குக் குடை உண்டு. குடை வீட்டுப் பக்கம் எட்டடி நீண்டால் நிழலும் முன்கூட்டியே சுவருக்கு வந்துவிடும். ஆக, இன்னும் தள்ளி வைத்தாலும் பரவாயில்லை என்று ஆகிறது. நான் சொன்னதற்கு அது சாதகம்தான், ஆனாலும் தப்பு தப்புதான்.

11 ஜூன் 2023

குழாய். இதைத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் என் வீட்டில் கடைசியில் பிடிபட்ட திருடன் அவன்தான்.

2019-இல் குளியலறைத் தண்ணீர் வடிவது நின்றுபோனது. வெளியே தோண்டினோம். பழைய ஸ்டோன்வேர் குழாய், இரண்டடிக்கு ஒரு இணைப்பு, சிமெண்டு பூசினது. ஒரு இணைப்பில் சிமெண்டு உதிர்ந்திருந்தது. அந்தப் பிளவு வழியாக நூல் தடிமனுக்கு ஒரு வேர் உள்ளே போயிருந்தது. குழாயை உடைத்தபோது உள்ளே குதிரைவால் மாதிரி ஒரு கொத்து. பழுப்பு நிறத்தில், சோப்பு நுரை காய்ந்த வாடையோடு, முழ நீளம். சித்தாள் அதைத் தூக்கிக் காட்டி, "பெண்ணுக்குச் சவுரி செய்யலாம் போல இருக்கே" என்றார். வேம்பை வெட்டி இரண்டு வருஷம் ஆகியும் அது மக்கவே இல்லை.

வேர் மோப்பம் பிடித்துக்கொண்டு வராது. எங்கே ஈரமும் காற்றும் கிடைக்கிறதோ அங்கே கிளைத்துப் பெருகும். கசியாத குழாய் வேருக்கு ஒரு கல், அவ்வளவுதான். கசிந்த குழாய்தான் பந்தி. அதனால் நானும் இரண்டு வருஷம் யோசித்தேன்: வேர் இணைப்பை உடைத்ததா, இணைப்பு உடைந்ததால் வேர் வந்ததா? அந்தக் குழாய்க் கசிவு சுவரின் ஒரு பக்கத்தை நனைத்துக்கொண்டே இருந்திருக்கிறது, மறுபக்கத்தை வேம்பு காயவைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரே சுவருக்கு ஒரு கால் தண்ணீரில், ஒரு கால் வெயிலில். விரியாமல் என்ன செய்யும்? 2017-இல் நாற்பது ரூபாய்ச் சிமெண்டில் அந்த இணைப்பை மூடியிருந்தால் மரம் இன்றைக்கும் நின்றிருக்கலாம்.

நின்றிருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். நிச்சயம் நின்றிருக்கும் என்று சத்தியம் பண்ண மாட்டேன்.

12 ஜூன் 2023

ஆக, தம்பி, சுவரிலிருந்து எத்தனை அடி என்று அளக்கும் முன் செப்டிக் டேங்கிலிருந்து எத்தனை அடி, சம்ப் என்கிற தரையடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து எத்தனை அடி, 2003-இல் எல்லார் வீட்டுக்கும் கட்டாயமான மழைநீர்க் குழியிலிருந்து எத்தனை அடி என்று அளந்து ஒரு படம் போட்டு அனுப்புங்கள். கழிவுக் குழாய் ஒட்டின பிவிசியா, பழைய குழாயா என்பதும் வேண்டும்.

18 ஜூன் 2023

படம் வந்தது. செப்டிக் டேங்க் வடமேற்கு மூலையில், முன்பக்கம். சம்ப் வடகிழக்கில். தென்மேற்கு மூலை முழுக்கக் காலி, குழாய் எதுவும் இல்லை. தென்மேற்கில் கனமும் உயரமும் இருக்கலாம் என்பது வாஸ்துக்காரர்கள் வாக்கு, எனவே மாமனாரும் அடங்கிவிட்டாராம். எனக்கு வாஸ்துவில் நம்பிக்கை இல்லை. ஆனால் குழாய் இல்லாத மூலையும் மேற்கு வெயிலும் மாமனாரும் ஒரே இடத்தில் ஒத்துப்போனால் நான் ஏன் வாயைத் திறக்க வேண்டும்?

19 ஜூன் 2023

ஆனால் ஒன்று. வீட்டுச் சுவரிலிருந்து பத்தடி என்றால் முன் காம்பவுண்டிலிருந்து நாலடி. உங்கள் வீட்டிலிருந்து தள்ளி வைப்பது என்பது இன்னொன்றுக்குப் பக்கத்தில் வைப்பது. காம்பவுண்டுக்கு ஒன்றரை அடிக் கடைக்கால்தான் இருக்கும், முதலில் நெளிவது அதுதான். இன்னும் கட்டவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், நல்லதாகப் போயிற்று. மரத்துக்கு நேரே ஆறேழு அடி நீளத்துக்குக் கடைக்கால் தோண்ட வேண்டாம். இரண்டு பக்கமும் சிறு தூண் நிறுத்தி, மண்ணுக்கு மேலே ஒரு லிண்டல் போட்டு, அதன் மேல் கம்பி கிரில் வைத்துவிடுங்கள். வேர் அடியில் போய்வரட்டும்.

தெற்குப் பக்கத்து வீட்டுக்காரரிடமும் இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். இலை அவர் வாசலில்தான் உதிரும். மாசி பங்குனியில் வேம்பு மொத்தமாகக் கொட்டும்போது சண்டை ஆரம்பித்தால் சித்திரைப் பூ வரைக்கும் ஓயாது.

2 ஜூலை 2023

சிமெண்டு உறை வித்தை பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கிணற்று உறை இரண்டை மண்ணுக்குள் இறக்கி அதற்குள் நட்டால் வேர் நேரே கீழே போய்விடும், சுவர் ஓரத்திலேயே வைக்கலாம் என்கிறார்கள். நானும் வாதுமைக்குச் செய்து பார்த்தேன். வேர் கீழே போனது, பிறகு உறையைத் தாண்டி மறுபடி மேலே வந்தது. மேல் மண்ணில்தான் காற்றும் ஈரமும் இருக்கிறது, பாவம் அது என்ன செய்யும்? இரண்டு மூன்றடிக்குள்தான் பெரும்பாலான வேர்கள் ஓடும், அதுவும் குடையின் விளிம்பைத் தாண்டி வெகுதூரம். என் வாதுமை எட்டாவது வருஷம் ஒரு ஆடிக் காற்றில் உறையோடு சாய்ந்தது. பூந்தொட்டி கவிழ்ந்த மாதிரி.

9 ஜூலை 2023

"விழுந்தால் வீட்டின் மேல் விழக் கூடாது, ஆகவே மரத்தின் உயரம் அளவுக்குத் தள்ளி வை" என்று சென்னைக்காரர் ஒருவர். வர்தா புயலைப் பார்த்தவர், பயம் நியாயம்தான். 2016 டிசம்பர் 12 அன்று என் தங்கை வீட்டுத் தெருவில் ஒரு இயல்வாகை கார் மேல் படுத்துக்கிடந்தது. அதை நானும் போய்ப் பார்த்தேன். வேர்த்தட்டு ஒரு பக்கம் மட்டும் இருந்தது, தெருப் பக்கம் கத்தரித்த மாதிரி நேர்கோடு. கேபிள் பள்ளம் தோண்டினவர்கள் அந்தப் பக்க வேர்களை முன்பே அறுத்திருக்கிறார்கள். அந்த மரம் ஐம்பதடி தள்ளி இருந்திருந்தாலும் விழுந்திருக்கும்.

இரண்டு பக்கமும் சிமெண்டு போட்டு, நடுவில் இரண்டடிச் சதுரம் விட்டு மரம் வைக்கிறோம். ஒரு பக்கம் சாக்கடை, ஒரு பக்கம் சுவர். பிறகு காற்றைக் குறை சொல்கிறோம். குல்மொஹர், இயல்வாகை, தூங்குமூஞ்சி மாதிரி வேகமாக வளர்ந்து குடை விரிக்கும் மரங்கள் நகரத்தில் அதிகம் சாய்ந்தன என்பது உண்மை. வீட்டோரத்தில் அவற்றை வைக்காதீர்கள். புங்கை, வேம்பு, நாவல் அவ்வளவு சீக்கிரம் விழாது. ஆனால் கஜா புயலில் டெல்டாவின் தென்னைகள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு எந்த மரத்துக்கும் உத்தரவாதம் எழுதித் தர நான் தயாரில்லை.

10 ஜூலை 2023

தென்னை என்றதும் பத்துக் கேள்வி. தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, பென்சில் தடிமனில் ஆயிரக்கணக்கான வேர், அவை மேலும் பருப்பதில்லை. அதனால் சுவரை நெம்பாது. பயப்பட வேண்டியது தலைக்கு மேலே. காயும் மட்டையும் விழும் வட்டத்துக்குள் வாசற்படி, தண்ணீர்த் தொட்டி மூடி, குழந்தை விளையாடும் இடம், மாமனார் நாற்காலி எதுவும் இருக்கக் கூடாது.

முருங்கை: கிளை வெறும் கையால் ஒடியும், கம்பளிப்பூச்சி ஜன்னல் வழியாக வரும். கொல்லை மூலை அதற்குப் போதும். மாதுளை, எலுமிச்சை, கறிவேப்பிலை, பவழமல்லி: ஐந்தாறு அடி போதும், யோசிக்கவே வேண்டாம். அரசும் ஆலும்: நீங்கள் நட மாட்டீர்கள், காக்கை நடும். கைப்பிடிச் சுவர் வெடிப்பில் இரண்டு இலை தெரிந்த அன்றைக்கே எடுத்துவிடுங்கள். கோனோகார்பஸ் வேலி: காசு கொடுத்து வாங்காதீர்கள்.

26 டிசம்பர் 2023

ஆறு மாதம் இந்தப் பக்கம் வரவில்லை. மழை வரவழைத்துவிட்டது. 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்களுக்கும் நல்ல அடி, தெருவில் முழங்கால் தண்ணீர். வீடு தப்பித்தது.

கீறலின் குறுக்கே மார்ச்சில் ஒரு கண்ணாடித் துண்டை சாந்து வைத்து ஒட்டி, தேதி எழுதியிருந்தேன். மண் அசைகிறதா என்று பார்க்கப் பழைய மேஸ்திரிகள் செய்வது. மே மாதம் ஒரு முறை உடைந்தது, புதிதாக ஒட்டினேன். இந்த மழைக்கு அடுத்த நாள் அதுவும் தெறித்துக் கீழே கிடந்தது, கீறல் உதட்டை மூடிக்கொண்டுவிட்டது. (மறுபடி உதடு. மன்னிக்கவும்.) வேம்பு போய் ஆறு வருஷம், குழாய் மாற்றி நாலு வருஷம். இன்னும் கோடையில் திறந்து மழையில் மூடுகிறது. அப்படியானால் எத்தனை பங்கு மரத்தினுடையது, எத்தனை பங்கு கரிசலே செய்வது? ஜூன் 11 குறிப்பில் குழாய்தான் திருடன் என்று எழுதியதையும் கொஞ்சம் அடக்கி வாசியுங்கள். திருட்டில் மூன்று பேர் கூட்டு. மரம் மட்டும்தான் மாட்டிக்கொண்டது.

7 ஜனவரி 2024

மதுரைத் தம்பி வந்துவிட்டார். வேம்பை விட்டுப் புங்கைக்கு மாறியிருக்கிறார். நிழல் அடர்த்தி, உயரமும் அவ்வளவு போகாது, அடிக்கடி கழிக்கலாம். தென்மேற்கு மூலை, சுவரிலிருந்து பத்தடி. மே 14 இரவு தூக்கக் கலக்கத்தில் நான் சொன்ன அதே பத்தடி. எட்டு மாதம், இத்தனை பக்கம்! யாரும் சிரிக்க வேண்டாம். அன்றைக்குச் சொன்னது குருட்டாம்போக்கு.

கீழே பழைய வயல் களி இருப்பதால் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். உயரத்தை இருபதடிக்குள் வைத்திருங்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, மழைக்கு முன் கழித்துவிடுங்கள். ஒரே வருஷத்தில் மொட்டையடிக்காதீர்கள். மொட்டை மாடித் தண்ணீர் சுவர் ஓரத்தில் கொட்டாமல் குழாய் வழியாக மழைநீர்க் குழிக்குப் போகட்டும்.

8 ஜனவரி 2024

அவர் கேட்டிருக்கிறார்: "கடைசியில் வீட்டு மரத்துக்கு என்ன ஓட அண்ணாச்சி?"

ஏணி ஓட என்று சொல்ல நினைத்தேன். மாடிக்கு ஏணி சாத்தவும் கிளை கழிக்கவும் இடம் வேண்டுமே. பிறகு யோசித்தால், உங்கள் செப்டிக் டேங்க் லாரியின் குழாய் முன்வாசல் வழியாகத்தான் வர வேண்டும். லாரிக் குழாய் ஓட என்று வையுங்கள். தேர் அளவுக்கு அழகில்லை, என்ன செய்வது.

16 ஜூன் 2024

குளியலறைச் சுவரிலிருந்து ஒன்றரை அடியில் ஒரு வேப்பங்கன்று. யாரும் நடவில்லை. போன ஆடியில் காக்கை எச்சமிட்ட கொட்டையாக இருக்கும். ஒரு சாண் உயரம், ஏழெட்டு இலை, நுனி செம்பு நிறம். அப்பா கட்டில் போட்ட இடத்துக்கும் சுவருக்கும் நடுவில்.

இத்தனை பேருக்கு அடிக்கணக்கு சொல்லிவிட்டு இதை விட்டுவைக்க முடியுமா? பெயர்த்துக் கொல்லைக் கடைசியில், முப்பது அடி தள்ளி வைக்கலாம் என்று நேற்று இரவே தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, காலையில் கடப்பாரையால் சுற்றிலும் நெம்பினேன். மேலே ஒரு சாண்தான் இருக்கிறது, கீழே ஒரு முழத்துக்கு மேல் போய்க்கொண்டே இருக்கிறது ஆணிவேர். கரிசல் விடவில்லை. கொஞ்சம் அவசரப்பட்டு இழுத்ததில் பாதியில் அறுந்துவிட்டது.

கொல்லையில் வைத்து ஒரு பழைய கூடையைக் கவிழ்த்து நிழல் கொடுத்திருக்கிறேன். இரண்டு இலை வாடிவிட்டது. மிச்சம் நிற்கிறது.

17 ஜூன் 2024

மூன்று இலை.